அணைக்க முடியாத காந்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடைக்கு ரிப்பேருக்காக ஒரு தண்ணீர் மோட்டாரும் இரண்டு சீலிங் ஃபேனும் வந்தன. மோட்டாரின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கிற கம்பிச்சுருள், கருகிக் கரியாகிவிட்டது. எரிந்த காயிலைப் பார்த்தால் இப்போதெல்லாம் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கிறது. பழைய கம்பியை வெட்டி உருவி, புதுத் தாமிரக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்தேன். என்னையும் யாராவது இப்படிப் பிரித்துச் சுற்றி வார்னிஷ் அடித்தால் தேவலை.

தூக்கம் இல்லை, அதுதான் விஷயம். மகளுக்கு முதல் வலிப்பு வந்ததிலிருந்து நானும் மனைவியும் முறை வைத்து அவள் பக்கத்தில் படுக்கிறோம். முறை என்பது பேச்சுக்குத்தான். மனைவி முறையில் நான் விழித்திருக்கிறேன், என் முறையில் அவள் விழித்திருக்கிறாள். நடுவில் மகள் மட்டும் கால் பரப்பி நிம்மதியாகத் தூங்குகிறாள்.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவள் பெயர் வக்கீல். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அந்தப் பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை உருவுவாள். நாளை மறுநாள் அவளுக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டியா, தழும்பா, ஒன்றுமே இல்லையா என்று படத்தைப் பார்த்தால்தான் மாத்திரை போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்ல முடியும் என்றார் நரம்பு டாக்டர். ‘கட்டி’ என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களுக்குத்தான் அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

அந்த மெஷின் எப்படி வேலை செய்யும் என்று வக்கீல் கேட்டாள். அப்பனுக்குத் தெரிந்த ஒரே சப்ஜெக்ட். விடுவேனா? உள்ளே பெரிய காயில் இருக்கும், கரண்ட் ஓடினால் காந்தமாகும், அதனால்தான் டமடமவென்று சத்தம் வரும், சத்தம் நின்றால் ஆஃப் ஆகிவிட்டது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். பத்தாவது வரை படித்தவன்தான், ஆனால் காயில் சுற்றியே பாதி ஆயுளைக் கழித்தவன். எனக்குத் தெரியாத காந்தமா?

மார்ச் 6, வியாழன்

எப்படி எழுதுவது? எழுதாமல் விட்டால் நடக்காததாகிவிடுமா?

மனைவிக்கு வேலை செய்யும் துணிக்கடையில் லீவு கிடைக்கவில்லை. நானே கடையிலிருந்து நேராகக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். இரும்பு எதுவும் கூடாது என்று சொல்லி, வக்கீலுக்கு வேறு கவுன் மாட்டி, தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்றை வைத்து உள்ளே தள்ளினார். என்னை வெளி அறையில் உட்காரச் சொன்னார். பேன்ட் பாக்கெட்டிலிருந்த சாவி, சில்லறை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டேன். சட்டைப் பாக்கெட்டில் டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் இருந்ததை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. அது என் விலா எலும்பு மாதிரி, இருப்பதே தெரியாது.

சத்தம் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. படம் தெளிவாகத் தெரிய ஊசி போடுவதற்காக டெக்னீஷியன் தட்டோடு உள்ளே போனார். கதவு திறந்திருந்தது. “அப்பா” என்று அவள் குரல் கேட்டது. சத்தம்தான் நின்றுவிட்டதே, கரண்ட் போய்விட்டது, மோட்டார் நின்றால் காந்தம் ஏது— என் மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது. உள்ளே போனேன்.

சட்டையை யாரோ முன்னால் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. டெஸ்டர் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு பறந்துபோய் மெஷின் வாயின் ஓரத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அவள் தலைக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இருக்காது.

யாருக்கும் அடி இல்லை. யாருக்கும் அடி இல்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் போதவில்லை.

டெக்னீஷியன் திட்டினார். நியாயமான திட்டு. வக்கீல் அழவே இல்லை. ஸ்கேன் பாதியில் நிற்க, வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

“சத்தம் நின்னா ஆஃப்னு நீதான சொன்ன.”

மார்ச் 7, வெள்ளி

மனைவி சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

வக்கீல் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்த ரூமுக்கு இனி வர மாட்டாளாம். கெஞ்சினோம், மிரட்டினோம், சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னோம். “எனக்கு வலிப்பு வரும், டாக்டர் சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னாரு, மறந்துட்டியா?” என்றாள். லஞ்சம் கொடுக்கிற லட்சணம்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்க முடியாதா என்று மனைவி டாக்டரிடம் போனில் கேட்டாள். மகளுக்கு வீசிங் தொந்தரவு இருப்பதால் மயக்க டாக்டர் தயங்குகிறாராம். நெஞ்சு சரியான பிறகுதான் பார்க்கலாமாம், மாதங்கள் ஆகலாமாம். அதுவரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், குத்துமதிப்பாக மாத்திரை. கட்டியாக இருந்தால் அது நமக்காகக் காத்திருக்காது என்பதை டாக்டர் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லிக்கொண்டேன். அவளே விழித்தபடி, அசையாமல் படுத்திருந்தால் மயக்க மருந்தே வேண்டாம். இருபதாம் தேதி மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள். “அவ உங்க பேச்சத்தான் நம்பிப் போனா. நீங்கதான் மறுபடி நம்ப வைக்கணும்.” இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அதிலும் வேலை வைத்துவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

கடைக்கு அரை நாள் பூட்டுப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெக்னீஷியன் என்னைப் பார்த்ததும் முதலில் சட்டைப் பாக்கெட்டைத்தான் பார்த்தார். காலி என்று தட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

அந்தக் காந்தத்தை அணைக்கவே மாட்டார்களாம். ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் ஆன். உள்ளே காயில்தான். நான் சொன்னதில் அது மட்டும் சரி. ஆனால் அந்தக் காயிலை ஹீலியம் என்ற திரவத்தில் முக்கி வைத்திருக்கிறார்கள். ஐஸ் எல்லாம் அதன் முன்னால் அடுப்பு, அவ்வளவு குளிர். அந்தக் குளிரில் கம்பிக்குள் கரண்டுக்குத் தடையே இல்லை. ஒரு முறை கரண்டை ஏற்றிவிட்டால், இணைப்பைத் துண்டித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்குமாம், வருடக்கணக்கில். சூடு கிடையாது, கருகல் கிடையாது. நான் கேட்ட சத்தம் வேறு காயில்களுடையது. பெரிய காந்தத்தை இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைக்க அவை ஆன் ஆஃப் ஆகும்போது அதிர்ந்து தட்டுகின்றனவாம். அவை நின்றால் சத்தம்தான் நிற்கும், காந்தம் நிற்காது.

இத்தனை வருடம் நான் சுற்றியதெல்லாம் எப்படியும் ஒரு நாள் கருகுகிற காயில்கள். கருகாத காயில் ஒன்று இதே ஊரில், நான் அடிக்கடி போகிற பஸ் ரூட்டில் இருந்திருக்கிறது. களைப்பே இல்லாமல் சுற்றுகிற ஒன்றைக் கற்பனை செய்யக்கூட எனக்கு இப்போது தெம்பில்லை.

அப்புறம் படம் எப்படி வருகிறது என்று கேட்டேன். புரிந்த வரைக்கும் எழுதி வைக்கிறேன்.

உடம்பில் பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். அதன் நடுவில் இருக்கும் புரோட்டான் ஒவ்வொன்றும் சுழலுகிற குட்டிக் காந்தம். சும்மா இருக்கும்போது திசைக்கு ஒன்றாகத் திரும்பி நிற்கும். பெரிய காந்தத்துக்குள் போனால் வரிசைக்கு வரும். ஆனால் எல்லாம் ஒரே பக்கம் இல்லை. கிட்டத்தட்டப் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். பத்து லட்சத்தில் ஏதோ சிலதுதான் ஒரு பக்கம் கூடுதல். அந்தச் சிலதை வைத்துத்தான் மொத்தப் படமும். எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டம் மாதிரிதான் இருக்கிறது. பாதிப் பேர் ஆமாம், பாதிப் பேர் இல்லை, கூடுதலாக வந்து உட்கார்ந்த நாலு பேர்தான் தீர்மானம் போடுவார்கள்.

பிறகு ரேடியோ அலை. எஃப்.எம். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற அலைவரிசை. அதை அனுப்பினால் வரிசையில் நின்றவை சாயும். அனுப்புவதை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். சாய்ந்து சுழலும்போது அவையே மெல்லிய ரேடியோ சத்தம் கொடுக்குமாம். தலையைச் சுற்றி வைத்த கூண்டு அதைக் கேட்கிற ஆன்டெனா. கொழுப்பில் இருப்பவை சீக்கிரம் எழுந்துவிடும், நீரில் இருப்பவை நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த வித்தியாசம்தான் படத்தில் வெள்ளையும் கறுப்பும். கொழுப்பு முதலில் எழுகிறதாம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. தொந்தி வைத்தவன் நான், கடைசியில் எழுபவனும் நான்.

வெளி ரேடியோ உள்ளே புகாமல் இருக்க அந்த அறைச் சுவர் முழுவதும் தாமிரத் தகடு பதித்திருக்கிறார்களாம். அவ்வளவு தாமிரமா என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். டெக்னீஷியன் மறுபடியும் என் பாக்கெட்டைப் பார்த்தார்.

மார்ச் 13, வியாழன்

கடையில் ஒரு வாஷரில் சின்ன ஸ்க்ரூவை இறுக்கிப் பம்பரம் செய்தேன். சாப்பாட்டு மேஜையில் சுற்றிவிட்டுக் காட்டினேன். நேராகச் சுற்றுகிறது, தட்டினால் தலையாட்டிக்கொண்டே சுற்றுகிறது. உன் தலைக்குள் இருக்கிற தண்ணீரில் இப்படிக் கோடிக்கணக்கில் இருக்கிறது என்றேன். கடைசி வரை கேட்டாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதுதான் பயமாக இருக்கிறது. வக்கீல் கேள்வி கேட்கவில்லை என்றால் கேஸை மனதுக்குள் முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் சாப்பிடும்போது ஸ்பூன் கையிலிருந்து விழுந்தது. கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. கொஞ்ச நேரம்தான். திரும்பி வந்து, “ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?” என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

இதை விரிவாக எழுத வேண்டும்.

நேற்று மனைவி வாஷ்பேசினில் பழுப்புக் கறை பார்த்திருக்கிறாள். பள்ளியில் ரத்தப் பரிசோதனை செய்து ரத்தம் கம்மி என்றதிலிருந்து வக்கீலுக்குத் தினமும் ஒரு ஸ்பூன் இரும்புச்சத்து டானிக் கொடுக்கிறோம். கையைக் கட்டிக்கொண்டு சமர்த்தாகக் குடிப்பாள். அதைத்தான் வாயில் அடக்கிக் கொண்டுபோய்த் துப்பியிருக்கிறாள், எத்தனை நாளாகவோ. ஏன் என்று மனைவி கேட்டாள். அடிக்கக் கை ஓங்கி, வலிப்பு நினைவு வந்து, ஓங்கிய கையால் தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள்.

இன்று நான் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். தாழ்வான ஊஞ்சல், நான் பின்னாலேயே நிற்பது என்ற நிபந்தனையில். தள்ளும்போது கவனம் எங்கோ இருந்தது, அவள் திரும்பி வருகிற பாதியிலேயே தள்ளிவிட்டேன். ஊஞ்சல் குழம்பி நின்றது. “தாளமே இல்ல உனக்கு. நான் பின்னாடி வந்து நிக்கறப்பத் தள்ளணும்” என்றாள். அப்போது எனக்கே பளிச்சென்று புரிந்தது. ரேடியோ அலையும் இப்படித்தான். புரோட்டான் எந்தத் தாளத்தில் தலையாட்டுகிறதோ அதே தாளத்தில் தட்டினால்தான் சாயும். தாளம் தப்பினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அது கண்டுகொள்ளாது. சொன்னேன். சரியான நேரத்தில் மெதுவாக ஒரு விரலால் தள்ளியும் காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

கேள்வி வந்தது. எனக்கு உயிர் வந்தது.

“புரோட்டான் எல்லாம் சரி. இரும்பு?”

“எந்த இரும்பு?”

“உன் ஸ்க்ரூ டிரைவர் இரும்பு, பறந்துச்சு. என் டானிக்கும் இரும்பு. ரத்தத்துலயே இரும்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அப்ப நான்?”

ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினேன். இத்தனை நாளும் இந்தக் குழந்தை, தான் மெஷினுக்குள் போனால் என் டெஸ்டர் மாதிரிப் பறந்து ஒட்டிக்கொள்வோம் என்று நினைத்து, உடம்பில் இருக்கிற இரும்பையாவது குறைக்கலாம் என்று டானிக்கைத் துப்பியிருக்கிறது. நாங்கள் சைக்கிள் விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆகாது என்று எனக்குத் தெரியும். ஏன் ஆகாது என்று தெரியாது. போன தடவையும் இப்படித்தான், பாதி தெரிந்ததை முழுசாகச் சொன்னேன்.

“எனக்குத் தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்.”

நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை.

“இதையே அன்னைக்கும் சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

பள்ளி விட்டதும் நானும் வக்கீலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த அறைக்கு வெளியே, வாசலில் போட்டிருக்கிற சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசுவேன் என்றாள். சரி என்று டெக்னீஷியன் வெளியே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கேஸை அவளே நடத்தினாள்.

டெக்னீஷியன் அழகாகச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவருக்குள் இரும்பு அணுக்கள் நெருக்கமாகக் கைகோத்து நிற்கின்றனவாம். காந்தம் கூப்பிட்டால் கூட்டமாக ஒரே பக்கம் திரும்பிவிடும். அதனால்தான் அந்த இழுப்பு. ரத்தத்தில் இருக்கிற இரும்பு அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தூரம் தூரமாக, வேறு வேலையில் இருக்கிறது. அதை இழுக்கிற இழுப்பு இருக்கிறதா இல்லையா என்று உனக்குத் தெரியவே தெரியாது என்றார். டானிக்கும் அதே கதைதானாம்.

“நீங்க உள்ள போவீங்களா, அக்கா?”

“தினமும் போறேன். என் ரத்தத்துலயும் இரும்பு இருக்கு. பறந்தேனா?”

“டானிக் குடிச்சிருக்கீங்களா?”

“என் பையன் வயித்துல இருந்தப்ப மாசக்கணக்கா குடிச்சேன். குடிச்சுட்டுத்தான் டூட்டிக்கு வந்தேன்.”

வக்கீல் யோசித்தாள். சாட்சி திருப்தி போலிருக்கிறது. பிறகு, ஏன் அசையக் கூடாது என்று கேட்டாள். தலைக்குள்ளே இடத்துக்கு இடம் காந்தத்தைக் கொஞ்சம் மாற்றி வைப்போம், அதனால் ஒவ்வொரு இடத்துத் தண்ணீரும் ஒவ்வொரு சுருதியில் பாடும், சுருதியை வைத்துத்தான் எது எங்கே இருக்கிறது என்று மெஷின் கண்டுபிடிக்கும், நடுவில் நீ நகர்ந்தால் யார் எங்கே பாடுகிறார்கள் என்று தெரியாமல் படம் கலங்கிவிடும் என்றார்.

கடைசியில் நிபந்தனை. அப்பாவும் உள்ளே வர வேண்டும். ஆனால் சட்டை இல்லாமல்.

என்னைத் தலை முதல் கால் வரை விசாரித்தார் டெக்னீஷியன். கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்திருக்கிறதா, உடம்பில் தகடு, கிளிப் ஏதாவது உண்டா என்று. நான் சுற்றுவது தாமிரம், இரும்பு ராவுவதில்லை, ஆபரேஷன் எதுவும் ஆனதில்லை. பாஸ். பத்தாவதுக்கு அப்புறம் நான் பாஸான முதல் பரீட்சை.

வீட்டுக்கு வந்து டானிக்கைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். வாயைத் திறந்து அம்மாவிடம் காட்டினாள்.

மார்ச் 20, வியாழன்

முடிந்தது.

என்னையும் கவுனில் மாட்டினார்கள், பின்னால் நாடா கட்டுகிற மாதிரி ஒன்று. வக்கீல் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு மானம் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது. மனைவி கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். வக்கீல் காதிலும் என் காதிலும் அடைப்பான். நான் அவள் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

தட்டல் தொடங்கியது. டக்-டக்-டக், பிறகு ஒரு நீண்ட ரீங்காரம், பிறகு யாரோ தகரக் கதவை இடிக்கிற மாதிரி. என் கையில் அவள் கால் முதலில் விறைப்பாக இருந்தது. அப்புறம் தளர்ந்தது. அசையவே இல்லை. நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன், என் மூச்சில் அவள் ஆடிவிடுவாளோ என்று. கண்ணுக்குத் தெரியாத அத்தனையும் அவளுக்குள் சாய்ந்து எழுந்துகொண்டிருக்கின்றன, இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன், கட்டியா தழும்பா என்பது இந்த நிமிஷம் படமாகிக்கொண்டிருக்கிறது—

இதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. தூங்கிவிட்டேன்.

அந்த இடிச்சத்தத்தில் எவன் தூங்குவான்? நான் தூங்கினேன். விழித்தபோது சத்தம் இல்லை, கையில் கால் இல்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வக்கீல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டெக்னீஷியன். படம் எல்லாம் தெளிவாக வந்துவிட்டதாம், முடிந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டதாம்.

என்னை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன்.

“உங்க பொண்ணுதான் விடல” என்றார் டெக்னீஷியன். “அவரு தூங்கி ரொம்ப நாளாச்சு, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்னா. அடுத்த பேஷன்ட் வெளிய நிக்கறாருன்னு சொன்னேன். அவரையும் உக்காரச் சொல்லுங்கன்னா.”

நான் முறை வைத்து விழித்திருந்தது அவளுக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் மனைவி, “கொறட்ட கண்ணாடிக்கு இந்தப் பக்கமே கேட்டுச்சு” என்றாள். முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை ரிசல்ட். இன்று ஒரு ஃபேனில் கம்பியை இடம் மாற்றி மாட்டி அனுப்பிவிட்டேன், ரிவர்ஸில் சுற்றுகிறது என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக அவள் தலைக்குள். பக்கவாட்டில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று. அதைப் பேனா முனையால் தொட்டார். அந்தப் பேனா நகருகிற வரை நானும் மனைவியும் எங்கே இருந்தோமோ தெரியவில்லை.

தழும்பு. கட்டி இல்லை. சின்ன வயதில் வந்த பெரிய காய்ச்சலின் மிச்சமாக இருக்கலாமாம். இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே வேண்டாம், சரியான மாத்திரை தருகிறேன், ஒரு நாள்கூட விடக் கூடாது, அடுத்த வருடம் மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். மறுபடியும் வலிப்பு வரலாம், வராமலும் போகலாம் என்றும் சொன்னார். நேர்மையான மனிதர்.

“கட்டி இல்லதான டாக்டர்?” என்று மனைவி கேட்டாள். இல்லை என்றார். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் இல்லை என்றார். மாடிப்படியில் இறங்கும்போது நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வக்கீல் எங்களுக்கு முன்னால் நின்று, யாரும் மிதித்துவிடாமல் வழி காட்டிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கொஞ்சம் தூங்கி வழிகிறாள். போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். தூங்கி வழிவதில் இப்போது வீட்டில் மூன்று பேர்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கடையில் மிக்ஸி மோட்டார் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தபோது பள்ளியிலிருந்து போன். நம்பரைப் பார்த்ததும் கையில் இருந்த கம்பிச்சுருள் தரையில் உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. போனை எடுத்தேன்.

வக்கீல் டிராயிங் நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். கடைசி பீரியடுக்குள் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று கேட்டார் டீச்சர்.

“வேற ஒண்ணும் இல்லையே?”

“வேற என்ன சார்? நோட்டுதான்.”

கடையைச் சாத்தினேன். வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தேன். பள்ளிக்கு எப்போதும் ஓட்டமும் நடையுமாகத்தான் போவேன். இன்று பாதி வழியில் ஒரு டீக்கடை. நின்றேன். கடைசி பீரியடுக்கு இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சில் இடமும் இருந்தது.

ஒரு டீ சொன்னேன். உட்கார்ந்து குடித்தேன்.